மாளிகைமேட்டு ஓடுகள்: கங்கைகொண்ட சோழபுரம் அகழ்வைப்பகமும் சுற்றியுள்ள தொல்லிடங்களும்

அரியலூர் மாவட்டம் உடையார்பாளையம் வட்டத்தில், செயங்கொண்டத்திலிருந்து அணைக்கரை வழியாகக் கும்பகோணம் செல்லும் சாலையில் கங்கைகொண்ட சோழபுரம் அமைந்துள்ளது. இவ்வூருக்கு வருவோரில் பெரும்பாலோர் முதலாம் இராசேந்திர சோழன் எடுப்பித்த கோயிலைப் பார்த்து, பெரிய நந்தியின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு வண்டியேறி விடுகின்றனர். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஒன்று இவ்வூரில் இருப்பது பலருக்குத் தெரியாது. கோயிலிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில் மாளிகைமேடு என்ற இடத்தில் சோழர் அரண்மனையின் அடித்தளம் தோண்டி எடுக்கப்பட்டிருப்பதும் அப்படித்தான்.

ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஒரு பேரரசின் தலைநகராக இருந்த ஊர் இது. இராசேந்திரன் கி.பி. 1014 முதல் 1044 வரை ஆண்டவன். அவனுடைய படை கங்கை வரை சென்று திரும்பிய பின், 1025ஐ ஒட்டித் தலைநகரம் தஞ்சாவூரிலிருந்து இங்கு மாறியது. கடைசிச் சோழ மன்னன் மூன்றாம் இராசேந்திரனோடு, 1279இல், சோழராட்சி முடியும் வரை இதுவே தலைநகரம். அத்தனை காலம் அரசர்கள் வாழ்ந்த ஊரில் இன்று கோயில் நிற்கிறது, அரண்மனை இல்லை, கோட்டை இல்லை, கடைத்தெரு இல்லை. எங்கே போயின என்ற கேள்விக்கு விடை தேடுவோர் கோயிலுக்குப் போகும் முன் அகழ்வைப்பகத்துக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. பள்ளி மாணவர்களை அழைத்துச் சென்ற போதெல்லாம் நான் இந்த வரிசையைத்தான் பின்பற்றினேன்.

அகழ்வைப்பகத்தில் பார்க்க வேண்டியவை

அகழ்வைப்பகம் என்பது அகழாய்வில் கிடைத்த பொருள்களை, அவை கிடைத்த இடத்திற்கு அருகிலேயே வைத்துக் காட்டும் சிறு அருங்காட்சியகம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் பிரம்மாண்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். இங்கே பொற்குடமோ மணிமுடியோ இல்லை. மாளிகைமேட்டிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் எடுத்த ஓடுகள், இரும்பு ஆணிகள், பானைச் சில்லுகள், சங்கு மற்றும் கண்ணாடி வளையல் துண்டுகள், மணிகள், செப்புக் காசுகள் போன்றவையும், சில கற்சிற்பங்களுமே முதன்மையானவை. மாணவர்கள் ஐந்து நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "அவ்வளவுதானா சார்?" என்று கேட்பார்கள். அவர்களை மீண்டும் முதல் பெட்டியிலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும்.

முதலில் ஓடுகளையும் ஆணிகளையும் பாருங்கள். அகழாய்வில் தெரிந்த செய்தி இது: அரண்மனை சுட்ட செங்கல்லால் கட்டப்பட்டது. கூரையில் தட்டையான சிறு ஓடுகளைச் சுண்ணாம்புக் காரையில் பல அடுக்காகப் பதித்திருந்தனர். தஞ்சை, திருச்சிப் பக்கத்துப் பழைய மாடி வீடுகளில் தட்டோடு பதித்த தளத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். தூண்கள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. அவற்றைத் தாங்கிய கருங்கல் அடித்தளங்கள் சில மட்டும் கிடைத்துள்ளன. மரம் மக்கிப் போய்விட்டது. மரத்தைப் பிணைத்த இரும்பு ஆணிகளும் பட்டைகளும் மிஞ்சின. துருப்பிடித்த அந்த ஆணி ஒன்றைப் பார்க்கும்போது, அது எவ்வளவு கனமான உத்தரத்தைப் பிடித்திருக்கும் என்று மனத்தால் அளந்து பார்க்க வேண்டும். அரண்மனையின் மரவேலைக்கு இப்போது இருக்கும் சாட்சி அதுதான்.

அடுத்தது சீனப் பீங்கான் சில்லுகள். பச்சை கலந்த சாம்பல் நிற மெருகு கொண்டவை சிலவும் வெண்மையானவை சிலவும் மாளிகைமேட்டில் கிடைத்துள்ளன. அளவில் இவை மிகச் சிறியன, கைப்பிடிக்குள் அடங்கிவிடும். ஆனால் சீனத்துச் சொங் அரச மரபின் குறிப்புகளில் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழ நாட்டுத் தூதுவர் குழுக்கள் வந்த செய்தி பதிவாகியிருக்கிறது. முதற்குழு இராசராசன் காலத்தில் புறப்பட்டது, இரண்டாவது இராசேந்திரனுடையது, மூன்றாவது முதலாம் குலோத்துங்கனுடையது. இடையில் 1025இல் இராசேந்திரனின் கடற்படை ஸ்ரீவிசயத்தின் மீது, அதாவது கல்வெட்டுகள் கடாரம் என்று கூறும் பகுதிகளின் மீது, சென்றது. பாடப்புத்தகத்தில் இவை நான்கு ஆண்டுகளாக நின்றுவிடுகின்றன. நாகப்பட்டினத்துக் கரையில் இறங்கிய சரக்கு ஒன்று உள்நாட்டுத் தலைநகரம் வரை வந்து, யாரோ ஒருவர் கையிலிருந்து விழுந்து உடைந்தது என்பதை இந்தச் சில்லுதான் சொல்கிறது. தூதுக்குழுவின் பயன் அரண்மனைச் சமையற்கட்டு வரை எட்டியிருக்கிறது.

இவ்வூரில் இதைவிடப் பெரிய அருங்காட்சியகம் அமைக்க அரசு நடவடிக்கை எடுத்துள்ளது. ஆகவே செல்வோர் பொருள்கள் எந்தக் கட்டடத்தில் உள்ளன, எந்நேரம் திறந்திருக்கும் என்பதை முன்கூட்டி விசாரித்துக்கொள்வது நல்லது. கட்டடம் பெரிதாகும்போது ஓட்டுக்கும் ஆணிக்கும் உரிய இடம் ஒளிப்படங்களாலும் மாதிரி உருவங்களாலும் அடைபட்டுவிடக் கூடாது என்பது என் தனிப்பட்ட விருப்பம்.

மாளிகைமேடு

கோயிலுக்குத் தென்மேற்கே உட்கோட்டை என்னும் ஊரைச் சேர்ந்தது மாளிகைமேடு. மாநிலத் தொல்லியல் துறை 1980 முதல் இங்கே பல கட்டங்களாக அகழாய்வு செய்தது. அப்போது துறையின் இயக்குநராக இருந்தவர் இரா. நாகசாமி. நீண்ட இடைவெளிக்குப் பின் 2021இல் பணி மீண்டும் தொடங்கி, செங்கல் சுவர்களின் தொடர்ச்சி வெளிப்பட்டது. தோண்டிய குழிகளில் சுவர்களின் அடிப்பகுதியை இன்று நேரில் காணலாம். சில இடங்களில் சுவரின் தடிமன் ஒரு மீட்டருக்கும் மேல். இக்காலத்து வீட்டுச் சுவர் ஒன்பது அங்குலம் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் மேலே எத்தனை சுமை இருந்திருக்கும் என்பது புரியும்.

இந்த அரண்மனைகளுக்குப் பெயர்கள் உண்டு. கல்வெட்டுகளில் முடிகொண்டசோழன் திருமாளிகை, சோழகேரளன் திருமாளிகை என்று வருகின்றன. இராசேந்திரனின் மகன்களில் ஒருவனான வீரராசேந்திரன் சோழகேரளன் திருமாளிகையில் அரியணையில் அமர்ந்திருந்தபோது ஆணை பிறப்பித்த செய்தி கல்வெட்டிலேயே இருக்கிறது. அரியணைக்கும் தனிப்பெயர் வைத்திருந்தார்கள். நிர்வாகம் நடந்த அறை எது, அந்தப்புரம் எது என்று குழிகளைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் கோயில் கல்வெட்டில் எழுத்தாக நிற்கும் மாளிகையின் செங்கல்லைத் தரையில் காண்பது தமிழ்நாட்டில் அரிய வாய்ப்பு. பல்லவர், பாண்டியர், பழைய சோழர் என எல்லோருடைய கோயில்களும் நம்மிடம் உள்ளன; அவர்கள் குடியிருந்த வீடுகள் இல்லை.

அரண்மனை ஏன் இப்படி அடியோடு போயிற்று? பாண்டியர் படையெடுப்பில் நகரம் அழிந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அதை மட்டும் சொல்லி நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. படை ஓர் ஊரைக் கொளுத்தலாம், சுவரை இடிக்கலாம். அடித்தளம் வரை செங்கல்லைப் பெயர்த்தெடுத்துச் செல்லும் பொறுமை படைக்குக் கிடையாது. அந்த வேலையைப் பின்வந்த நூற்றாண்டுகளின் குடிமக்கள் செய்தனர். நன்கு சுட்ட செங்கல் மண்ணுக்குள் கிடக்கும்போது சூளை போடுபவர் யார்? மேட்டைத் தோண்டி எடுத்துத் தங்கள் வீடுகளுக்கும் கிணறுகளுக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தங்கள் காலடியில் கிடப்பது இராசேந்திரனின் மாளிகை என்று அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் யாரும் இல்லை. ஆனாலும் விளைவு ஒன்றுதான்: அகழ்வைப்பகத்தில் உள்ள ஓடுகள் அந்தக் கொள்ளைக்குத் தப்பியவை.

சுரங்கப்பாதை எங்கே என்று கேட்காத மாணவரை நான் பார்த்ததில்லை. கோயிலுக்கும் அரண்மனைக்கும் இடையே சுரங்கம் இருந்ததாக ஊரில் சொல்வார்கள். பழங்கோயில் உள்ள ஊர் எதிலும் இந்தக் கதை உண்டு. தரைக்கு மேல் கண்ணுக்குத் தெரியும் சுவரைப் பார்த்து முடித்தபின் சுரங்கத்தைத் தேடலாம் என்று நான் சொல்வது வழக்கம்.

சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களையும் கவனிக்க வேண்டும். உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், யுத்தப்பள்ளம், சுண்ணாம்புக்குழி, கடாரங்கொண்டான், வீரசோழபுரம் என்று வரிசையாக வரும். நகரத்தின் வரைபடம் பேருந்துப் பலகைகளில் எழுதியிருப்பது போல் இருக்கும். இவற்றுள் எல்லாமே சோழர் காலத்துப் பெயர்கள் என்று கூறிவிட முடியாது; சில பின்னாளில் மக்கள் வாய்வழக்கில் ஏற்பட்டிருக்கக் கூடும். ஆனாலும் காவலர் குடியிருப்பு, படைக்கலம் வைத்த இடம், சுண்ணாம்பு அரைத்த இடம் என்று தனித்தனியாக நினைவு தங்கியிருப்பது தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை.

கோயிலும் மதிலும்

கோயிலைப் பற்றி எழுதியவர்கள் பலர். இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். விமானத்தின் உயரம் ஏறத்தாழ 180 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைவிடக் குறைவு. தஞ்சையின் நேர்கோட்டுக்கு மாறாக இங்கே விளிம்புகள் உள்வாங்கி வளைந்து மேலேறும். சண்டேசருக்கு இறைவன் மாலை சூட்டும் சிற்பமும், அமர்ந்த நிலையிலுள்ள கலைமகள் சிற்பமும் வடபுற வாயில்களை ஒட்டி உள்ளன; அவற்றின் முன் கொஞ்ச நேரம் நிற்காமல் போகக் கூடாது. தஞ்சைக் கோயிலை 1987இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்த யுனெசுக்கோ, 2004இல் இக்கோயிலையும் தாராசுரத்தையும் அதனுடன் சேர்த்தது. மாணவர்க்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று: இக்கோயிலில் உள்ள கல்வெட்டுகளில் காலத்தால் முந்தியது வீரராசேந்திரனுடையது. கட்டிய இராசேந்திரனின் கல்வெட்டு இல்லை. விழுப்புரம் மாவட்டம் எசாலத்தில் 1987இல் கிடைத்த செப்பேடு, இராசேந்திரன் இக்கோயிலை எடுத்ததைத் தெளிவாகக் கூறுகிறது. தொலைவில் ஓர் ஊரின் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சான்று அது.

கோயிலைச் சுற்றி வரும்போது மதிலைப் பார்க்க வேண்டும். இவ்வளவு பெரிய கோயிலுக்கு இப்படிக் குறைபட்ட மதிலா, கோபுரம் எங்கே என்ற கேள்வி எழும். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. அணைக்கரை என்று நாம் கூறும் இடம் அதுதான். இங்கிருந்து சில கல் தொலைவு. அந்த அணைக்காகக் கங்கைகொண்ட சோழபுரக் கோயிலின் சுற்றுமதிலையும் பிற கட்டடங்களையும் இடித்துக் கருங்கற்களைக் கொண்டு சென்றனர். 1855இல் வெளிவந்த குறிப்பொன்று நடந்ததைச் சொல்கிறது. ஊர் மக்கள் தம்மால் இயன்ற வரை தடுத்தனர். தடுத்ததற்காக அவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகக் கும்பினி அரசு வாக்குக் கொடுத்தது, வாக்கு நிறைவேற்றப்படவில்லை.

இதைப் படிக்கும்போது கோபம் வருவது இயல்பு. ஆனால் வரலாறு படிப்பவர் அணையின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். இப்பகுதி ஆற்று வண்டலும் செம்மண் மேடுமாக உள்ளது. அருகில் கருங்கல் மலை கிடையாது. கோயிலுக்கே கல் தொலைவிலிருந்து வந்திருக்க வேண்டும். ஆகவே அணை கட்ட வந்தவர்களின் கண்ணில் கோயில் மதில் ஒரு தயார்நிலைக் கல்குவாரியாகப் பட்டிருக்கும் என்பது என் கணிப்பு. கீழணையில் தேங்கும் நீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குச் செல்கிறது. வீராணம், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வீரநாராயணன் என்ற அவன் பட்டப்பெயரால் வெட்டப்பட்ட ஏரி. சோழன் கோயிலின் மதிற்கற்கள் சோழன் ஏரிக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருக்கின்றன. அந்த நீரில் விளைந்த அரிசியை நானும் உண்டிருக்கிறேன். மக்களுக்கு அளித்த வாக்கைக் காப்பாற்றாததுதான் இதில் மன்னிக்க முடியாத பகுதி.

திருமழபாடியில் ஒரு மாற்று வழி

பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுவது எல்லாக் காலத்திலும் நடந்திருக்கிறது. சோழர்களே செய்திருக்கிறார்கள். எப்படிச் செய்தார்கள் என்பதற்கு இதே அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடி வைத்தியநாதர் கோயிலில் சான்று உள்ளது. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013ஐ ஒட்டி, இக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கற்றளி எடுக்க ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் அதிலிருந்த பழைய கல்வெட்டுகளை ஒரு புத்தகத்தில் படியெடுத்தனர். பின்னர் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவற்றைப் புதிய சுவரில் மீண்டும் பொறித்தனர்.

இடையில் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள். அரசன் மாறிவிட்டான். ஓலைப் புத்தகத்தை யாரோ ஓர் அலுவலர் பத்திரமாக வைத்திருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். கல்வெட்டுகளில் இருந்தவை பெரும்பாலும் நிலக்கொடை, விளக்குக்குப் பொன், ஆடு என்பன போன்ற கணக்குகள். அவை அழிந்தால் கோயிலுக்கு நிலம் கொடுத்தவர் யார், விளக்கெரிக்க வேண்டியவர் யார் என்பது அழிந்துவிடும். இன்று கோயில் திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டுள்ள கற்களை மணல் வீசித் தேய்ப்பதையும், தலைகீழாகப் பதிப்பதையும், மேலே சாயம் பூசுவதையும் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். திருப்பணிக் குழுவினர் திருமழபாடிக்கு ஒருமுறை போய்வர வேண்டும். கையில் செல்பேசி இருக்கும் காலத்தில் படியெடுக்க ஓலை கூடத் தேவையில்லை.

சோழகங்கம், செங்கமேடு, பழுவூர்

கங்கை நீரைக் குடங்களில் கொண்டுவந்து இராசேந்திரன் ஏற்படுத்திய ஏரிக்குச் சோழகங்கம் என்று பெயர். திருவாலங்காட்டுச் செப்பேடு இதை நீராலான வெற்றித்தூண் என்ற பொருளில் பாராட்டுகிறது. பொன்னேரி என்று இப்போது அழைக்கப்படும் ஏரி இதுதான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட குறிப்பு, இதன் கரை தென்வடலாக 16 மைல் நீளம் என்றும், கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேல் நீண்ட கால்வாயும் வெள்ளாற்றிலிருந்து ஒரு சிறு கால்வாயும் இதற்கு நீர் தந்தன என்றும், அப்போதே ஏரி பாழடைந்து காடாகிக் கிடந்தது என்றும் கூறுகிறது. கரையில் ஏறி நின்று இரு பக்கமும் பார்த்தால், பேரரசு என்ற சொல்லுக்கு விமானத்தைவிட இந்த மண்மேடு நல்ல விளக்கம் என்று எனக்குத் தோன்றும். நகரத்தில் இருந்தவர்கள் குடித்தது இந்த நீர். உண்ட நெல்லுக்குப் பாய்ந்ததும் இதுவே.

போரில் வென்ற நாடுகளிலிருந்து கொண்டுவந்த சிற்பங்கள் இப்பகுதியில் சிதறிக் கிடக்கின்றன. கோயிலுக்குள் இருக்கும் ஒரே கல்லாலான நவக்கிரகம் தமிழ்நாட்டு அமைப்பில் இல்லை. நடுவில் தாமரை, கீழே தேர் என்று வடக்குப் பாணியில் அமைந்தது. அருகில் உள்ள செங்கமேட்டில் சிவப்புக் கல்லில் செய்த கலிங்கப் பாணிச் சிற்பங்கள் இருக்கின்றன. கருங்கல்லையே பார்த்துப் பழகிய நமக்கு அந்த நிறமே இது வெளியூர்ச் சரக்கு என்று சொல்லிவிடும். தோற்ற நாட்டுத் தெய்வம் வென்ற நாட்டுக் கிராமத்தில் இன்று வழிபாட்டில் இருக்கிறது. யாருடைய வெற்றி என்று வழிபடுவோர் கேட்பதில்லை.

அரியலூரிலிருந்து திருவையாறு, தஞ்சாவூர் செல்லும் சாலையில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கீழையூர் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து உள்ளன. கல்கியின் பொன்னியின் செல்வன் படித்துவிட்டு வரும் இளைஞர்கள் பழுவேட்டரையரின் அரண்மனையைத் தேடுகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது கீழையூரின் அவனிகந்தர்வ ஈசுவரகிருகம் என்ற வளாகம். ஒரே மதிலுக்குள் இரண்டு சிவன் கோயில்கள். ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தவை. பழுவேட்டரையர் சோழருக்குக் கீழ்ப்பட்ட குறுநில மன்னர்கள். பராந்தகன் இம்மரபில் பெண் எடுத்தான் என்று அன்பில் செப்பேடு கூறுவதால், பிற்காலச் சோழர் உடலில் பழுவூர் இரத்தமும் ஓடியது. இரட்டைக் கோயிலின் சிம்மத் தூண்களையும் விமானங்களின் சிற்றளவையும் பார்த்தபின் கங்கைகொண்ட சோழபுரம் சென்றால், நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் ஒரு குடும்பத்தின் கனவு எவ்வளவு வளர்ந்தது என்பது கண்ணுக்கே தெரியும்.

பெரம்பலூர்ப் பக்கம்

பெரம்பலூர் மாவட்டம் 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, அடுத்த ஆண்டே மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் தனியாயிற்று. ஆகவே பழைய புத்தகங்களில் இவ்விடங்கள் எல்லாம் திருச்சி மாவட்டம் என்றே இருக்கும். தேடும் மாணவர்கள் குழம்ப வேண்டாம். பெரம்பலூருக்கு வடக்கே வாலிகண்டபுரத்தில் சோழர் கல்வெட்டுகள் கொண்ட வாலீசுவரர் கோயிலும், சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி இரஞ்சன்குடிக் கோட்டையும் உள்ளன. 1751இல் ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலியின் படைக்கும் பிரெஞ்சுக்காரர் ஆதரித்த சந்தா சாகிப்பின் படைக்கும் நடந்த வால்கொண்டா போர் இங்கேதான். கோட்டைக்குள் நுழைந்து மேலே ஏறிச் செல்லலாம். வெயிலுக்கு முன் போவது உத்தமம்.

சாத்தனூர்க் கல்மரத்தைச் சொல்லாமல் பெரம்பலூரைத் தாண்ட முடியாது. 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்து கல்லாக மாறியது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருட்டிணன் 1940இல் இதை அறிவித்தார். அக்காலத்தில் இப்பகுதி கடற்கரையாகவும் கடலாகவும் இருந்தது. அந்தக் கடலின் சிப்பியும் நத்தையும் சேர்ந்த சுண்ணாம்புக்கல்தான் இன்று அரியலூரின் சிமெண்ட் ஆலைகளுக்குச் செல்கிறது. சுரங்கம் தோண்டும்போது புதைபடிவங்கள் வெளிவருகின்றன. பார்த்து எடுப்பவர் இல்லாவிட்டால் அவையும் அரைபட்டுப் போகும். வாரணவாசியில் உள்ள அரசு புதைபடிவ அருங்காட்சியகம் இந்தக் கடல் உயிரிகளைக் காட்டுவதற்காக அமைந்தது. 2020இல் குன்னம் பகுதியில் ஏரி தூர்வாரும்போது உருண்டையான கற்கள் கிடைக்க, டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. ஆய்ந்தவர்கள் அவை அம்மோனைட் எனும் கடல் உயிரியைச் சூழ்ந்து உருவான கல் உருண்டைகள் என்றனர். வாரணவாசிக்கு ஒருமுறை சென்றுவந்த மாணவர்கள் அன்று அந்த வாட்சப் படங்களை நம்பியிருக்க மாட்டார்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். கங்கைகொண்ட சோழபுரம், மாளிகைமேடு, பொன்னேரி, அணைக்கரை ஒரு நாள். திருமழபாடியும் பழுவூரும் ஒரு நாள். சாத்தனூரும் வாரணவாசியும் இன்னொரு நாள் என்று பிரித்துக்கொண்டால் அவசரம் இருக்காது. கையில் ஒரு குறிப்பேடும் அளவு நாடாவும் எடுத்துச் செல்லுங்கள். பானைச் சில்லோ கிளிஞ்சல் கல்லோ கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொள்ளாமல், கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ தெரிவிக்க வேண்டும்.

அரியலூரில் அருங்காட்சியகம் வரை வந்துசேராத பொருள் ஒன்றும் உண்டு. கல்லமேடு என்னும் ஊரருகே 1980களில் புவியியலாளர்கள் யாதகிரி, அய்யாசாமி இருவரும் மிகப் பெரிய டைனோசர் ஒன்றின் எலும்புகளை விவரித்து, அதற்குப் புருகத்காயோசாரசு என்று பெயரிட்டனர். கால் எலும்பு ஒன்று மட்டும் இரண்டு மீட்டர் நீளம். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்ட இவ்விலங்கு பின்னர் நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என அறியப்பட்டது. உலகில் வாழ்ந்த மிகப் பெரிய நிலவிலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்று மதிப்பிட்டவர்களும் உண்டு. மழையில் நைந்த களிமண் பூமியிலிருந்து எடுத்த அந்த எலும்புகள் பாதுகாப்புக்கு வருமுன் நொறுங்கிப் போயின. நெடுங்காலம் சில கோட்டோவியங்களே சான்றாக இருந்ததால், அது எலும்பா, கல்லாகிய மரமா என்றுகூடச் சிலர் ஐயப்பட்டனர். தோண்டிய நாளில் களத்தில் எடுத்த புகைப்படங்கள் 2022இல் ஓர் ஆய்விதழில் வெளியாயின. இப்போது உலகெங்கும் ஆய்வாளர்கள் அந்தப் படங்களை வைத்துத்தான் அளவெடுக்கிறார்கள்.